கல்தச்சர் கண்ட சிறகுமீன்

நுழையும்முன்

புவியின் பழைய வரலாறு ஏடுகளில் எழுதப்படவில்லை. பாறைகளில் பதிந்து கிடக்கிறது. அதனைப் படித்தறிந்தோர் அனைவரும் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்கள் அல்லர். உளி பிடித்த கைகளும் மாவு பிசைந்த கைகளும் அவ்வரலாற்றின் சில பக்கங்களைத் திறந்து வைத்துள்ளன. கல்லூரியில் பயிலாத கல்தச்சர் ஒருவர், அறிஞர் பலரும் உயிர்ச்சுவடு அற்றது என்று கருதிய பாறையிலிருந்து, உலகம் அதுவரை அறியாத மீன் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். அவரே ஸ்காட்லாந்து நாட்டின் ஹியூ மில்லர். கூர்ந்து நோக்கும் கண்ணும் பொறுமையும் ஒருவரை எவ்வளவு தொலைவு அழைத்துச் செல்லும் என்பதை அவரது வாழ்க்கை காட்டுகிறது.

கடலோரச் சிற்றூர்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் குரோமர்ட்டி என்னும் சிற்றூர் உள்ளது. கடல் நிலத்தினுள் புகுந்து அமைத்த இயற்கைத் துறைமுகத்தின் வாயிலில் அமைந்த ஊர் அது. அங்கே, புல்வேய்ந்த கூரையுடைய ஒரு சிறுவீட்டில் 1802ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் ஹியூ மில்லர் பிறந்தார். அவ்வீடு அவருடைய முன்னோர் ஒருவரால் கட்டப்பட்டது. தந்தையார் கப்பல் தலைவர். தம் கப்பலைத் தாமே செலுத்திக் கடல் வணிகம் செய்தவர்.

1807ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எழுந்த பெரும்புயலில் அக்கப்பல் கடலில் மறைந்தது. சென்றவர் திரும்பவில்லை. ஐந்து வயதில் தந்தையை இழந்த சிறுவனைத் தாய் தையல் வேலை செய்து வளர்த்தார். தாய்மாமன்மார் இருவர் அக்குடும்பத்திற்குத் துணைநின்றனர். மூத்தவர் ஜேம்ஸ் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. பழங்கதைகளிலும் ஊர் வரலாற்றிலும் தேர்ந்தவர். இளையவர் அலெக்சாண்டர் கடற்படையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பி மரவேலை செய்து வாழ்ந்தவர். இருவரும் செல்வர் அல்லர். எனினும் நூல்களை விரும்பிப் படித்தவர்கள்.

கரையே கல்விக்கூடம்

கடல்நீர் வடியும் வேளைகளில் அலெக்சாண்டர் மாமன் சிறுவனைக் கரைக்கு அழைத்துச் செல்வார். பாறை இடுக்கில் பதுங்கும் நண்டு, ஓடு மாற்றும் அதன் இயல்பு, கடற்பாசிகளின் வேறுபாடுகள், அலை ஒதுக்கிய சிப்பிகள் என ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டுவார். பெயர்களைச் சொல்லித் தருவதைவிட உற்றுநோக்கக் கற்றுத் தருவதிலேயே அவர் நாட்டம் கொண்டிருந்தார். சிறுவனும் கரையில் கிடந்த வண்ணக் கற்களைத் திரட்டிச் சேர்க்கத் தொடங்கினான்.

பள்ளிப்படிப்பு அவ்வளவு இனிமையாக அமையவில்லை. கதைகளையும் பயண நூல்களையும் ஆர்வத்தோடு படித்த மாணவன் வகுப்புப் பாடங்களில் மனம் செலுத்தவில்லை. தோழர்களோடு குகைகளைத் தேடித் திரிந்தான். இறுதியில் ஆசிரியரோடு ஏற்பட்ட பூசலோடு பள்ளிவாழ்வு முடிந்தது. அவனைக் கல்லூரிக்கு அனுப்பிச் சமயப் பணிக்கு உரியவனாக்க மாமன்மார் விரும்பினர். அதற்காகத் தம் சிறு சேமிப்பையும் செலவிட முன்வந்தனர். அப்பணிக்கான உள்ளுணர்வு தனக்கு இல்லை என்று அவன் மறுத்துவிட்டான். குளிர்காலத்தில் வேலை குறைவாக இருக்கும், அப்போது படிக்கலாம், எழுதலாம் என்னும் எண்ணத்தோடு கல்தச்சுத் தொழிலைத் தேர்ந்தெடுத்தான்.

கல்லுடைத்த கைகள்

1820ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பதினேழு வயது மில்லர், கல்தச்சரான உறவினர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கடற்கழியை ஒட்டிய செம்மணற்கல் குவாரி அவருடைய முதல் பணிக்களம் ஆனது. நூல்களோடும் கனவுகளோடும் வாழ்ந்தவருக்குச் சம்மட்டியும் கடப்பாரையும் புதியவை. கைகள் கொப்புளித்தன, உடல் நொந்தது.

பாறை எளிதில் பெயராமையால் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். ஒரு பெரும்பாளம் அகன்றபோது அதன்கீழ் இருந்த பாறைத்தளம் வெளிப்பட்டது. அத்தளம் முழுவதும் வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருந்தது. கடல் வடிந்த மணற்பரப்பில் அலைகள் விட்டுச்செல்லும் வரிகளை அவர் இளமை முதலே கண்டவர். அதே வரிகள், அதே வளைவுகள் இங்கே கடினமான கல்லாக நின்றன. இந்தப் பாறை ஒரு காலத்தில் நீரின் அடியில் கிடந்த மென்மணல் என்பதை அவர் உணர்ந்தார். ஒருவரும் கற்பிக்காமல், கரையில் கண்டதையும் குவாரியில் கண்டதையும் ஒப்பிட்டுத் தாமே எய்திய முடிவு அது. அன்றுமுதல் கல் உடைத்தல் அவருக்குக் கூலிவேலையாக மட்டும் இருக்கவில்லை.

அண்மையிலிருந்த ஈத்தி என்னும் கரைப்பகுதியில் சுருள்வடிவச் சிப்பியினங்களும் மரத்துண்டுகளும் கல்லாகிக் கிடப்பதை அவர் கண்டார். அவை செம்மணற்கல்லைவிட மிகப் பிற்பட்ட காலத்துப் பாறைகளில் உள்ளவை. அங்கே உயிரின் சுவடுகள் நிறைந்திருக்க, தாம் நாள்தோறும் உடைக்கும் செம்மணற்கல்லில் மட்டும் ஏன் ஒன்றுமில்லை என்னும் வினா அவருள் எழுந்தது. நிலக்கரிப் பாறைகளுக்குக் கீழே பெருந்தடிப்பாகப் படிந்திருந்த அச்செம்மணற்கல்லை அக்கால நிலவியலார் பழைய செம்மணற்கல் என்று அழைத்தனர். புதைபடிவங்கள் மிக அரிதான பாறை என்பதே அதைப்பற்றிய பொதுக்கருத்து.

தொழில் பழகி முடித்த மில்லர் வேலை தேடி ஊர் ஊராகச் சென்றார். கொட்டகையிலும் குடிசையிலும் தங்கினார். 1824ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் கட்டடப் பணியில் சேர்ந்தார். கல் செதுக்கும்போது எழும் நுண்தூசு அவருடைய நுரையீரலைத் தாக்கியது. அக்காலக் கல்தச்சர் பலரை இளமையிலேயே கொன்ற நோய் அது. உடல் நலிந்து ஊர் திரும்பிய அவர், கடும்பணிகளை விடுத்துக் கல்லறைக் கற்களில் எழுத்துப் பொறிக்கும் வேலையை மேற்கொண்டார். 1829ஆம் ஆண்டு தம் கவிதைகளை நூலாக்கினார். கவிதை அவருக்குப் பெரும்பெயர் தரவில்லை. ஆனால் ஹெர்ரிங் மீன்பிடிப்பைப் பற்றி ஓர் இதழுக்கு எழுதிய உரைநடை, படித்தோரைக் கவர்ந்தது. தம் வலிமை உரைநடையில்தான் உள்ளது என்பதை அவர் அறிந்துகொண்டார்.

சிறகு முளைத்த மீன்

1830ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், குரோமர்ட்டியிலிருந்து சிறிது நடைத்தொலைவில் உள்ள கரையில், செம்மணற்கல் அடுக்குகளுக்கு இடையே ஒரு களிப்பாறைப் படுகையை மில்லர் கண்டார். அப்படுகையில் சுண்ணாம்புச்சத்து இறுகி உருவான நீள்வட்டக் கல்லுருண்டைகள் பதிந்திருந்தன. ஒன்றை எடுத்துச் சுத்தியலால் தட்டினார். அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு மீன் இருந்தது. கரிய நிறச் செதில்கள் மெருகு குன்றாமல் மின்னின. உயிர்ச்சுவடு அரிது என்று கருதப்பட்ட பாறை, தன்னுள் ஒரு நீர்நிலையின் உயிர்க்கூட்டத்தையே பொதித்து வைத்திருந்தது.

எந்தக் கல்லை உடைத்தாலும் மீன் கிடைக்கும் என்பதில்லை. பல உருண்டைகள் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் ஒரு செதிலோ ஓர் எலும்புத்தகடோ மட்டும் கிடைக்கும். அடித்த இடம் தவறினால் உள்ளிருப்பது நொறுங்கிவிடும். எங்கே தட்டினால் கல் எவ்வாறு பிளக்கும் என்பதைப் பத்தாண்டுத் தொழில் அவருக்குக் கற்பித்திருந்தது. கூலிக்காகப் பழகிய கைத்திறன் இப்போது அறிவியலுக்குப் பயன்பட்டது.

அவ்வாறு பிளந்த உருண்டைகளுள் ஒன்றில், அவர் அறிந்த எந்த உயிரையும் ஒத்திராத வடிவம் ஒன்று காணப்பட்டது. ஒரு சாண் அளவுள்ள உடல். அதன் முன்பகுதி முழுவதையும் எலும்புத்தகடுகள் கவசம்போல் மூடியிருந்தன. தலை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று எளிதில் பிரித்தறிய இயலவில்லை. தோள்பகுதியிலிருந்து இருபுறமும் சிறகுபோன்ற இரண்டு உறுப்புகள் நீண்டிருந்தன. அவையும் கவசம் பூண்டு, நடுவில் மூட்டுடன் மடங்கும் அமைப்பில் இருந்தன. பின்பக்கம் குறுகி வாலாக முடிந்தது.

மீனா? ஆமையா?

விந்தையான ஒன்றைக் கண்டெடுப்பது தொடக்கம் மட்டுமே. அது எது என்று கூறுவதில்தான் அறிவின் சோதனை அமைந்துள்ளது. கவசத்தைக் கண்டால் ஆமையின் ஓடு நினைவுக்கு வரும். மூட்டுள்ள கைகளைக் கண்டால் நண்டும் இறாலும் அடங்கிய ஓட்டுடலிகள் நினைவுக்கு வரும். வாலைக் கண்டால் மீன் நினைவுக்கு வரும். மீனையும் ஆமையையும் இணைக்கும் ஓர் உயிரோ என்றுதான் மில்லரும் முதலில் எண்ணினார். அம்முதல் எண்ணத்திலேயே அவர் நின்றுவிடவில்லை.

ஒரு படிமத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் தவறு நேரும். இறந்த உயிர் சேற்றில் புதையும்போது நசுங்குகிறது. தகடுகள் இடம் பெயர்கின்றன. ஒரு படிமம் முதுகுப்புறத்தைக் காட்டும். மற்றொன்று வயிற்றுப்புறத்தைக் காட்டும். ஒரே உயிரின் இரு பக்கங்கள் இரண்டு வேறு உயிர்கள் போலத் தோன்றக்கூடும். எனவே மில்லர் மேலும் மேலும் கற்களைத் திரட்டினார். ஒன்றில் வால் சிதைந்திருந்தால் மற்றொன்றில் அது முழுமையாக இருந்தது. ஒன்றில் கை உடைந்திருந்தால் வேறொன்றில் அதன் மூட்டுத் தெளிவாகத் தெரிந்தது. கட்டடத்தில் கல்லோடு கல் பொருந்தும் வகையை அறிந்தவர் அவர். தகடுகள் ஒன்றன் விளிம்பின்மேல் மற்றொன்று எவ்வாறு படிந்து பூட்டிக்கொள்கின்றன என்பதை அக்கண்ணோடு ஆராய்ந்தார், படம் வரைந்தார், பல துண்டுகளிலிருந்து முழுவடிவத்தை மீட்டெடுத்தார்.

இப்பணி நடந்தபோது அவருடைய வாழ்க்கையும் மாறிவந்தது. 1834ஆம் ஆண்டு அவர் உளியை வைத்துவிட்டு ஊரிலிருந்த வங்கிக் கிளையில் கணக்கராகச் சேர்ந்தார். 1837ஆம் ஆண்டு லிடியா பிரேசர் என்னும் கற்றறிந்த பெண்ணை மணந்தார். அவர்களுடைய முதல் குழந்தை எலைசா மழலைப் பருவத்திலேயே இறந்தது. அக்குழந்தையின் கல்லறைக் கல்லைத் தந்தையே செதுக்கினார். மில்லரின் உளி செதுக்கிய இறுதிக்கல் அதுவே.

சென்னையிலிருந்து வந்த மருத்துவர்

ஒரு சிற்றூரின் வங்கிக் கணக்கர் தம் வீட்டில் சேர்த்து வைத்துள்ள கற்களை உலகம் எவ்வாறு அறியும்? இங்கே நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவர் வரலாற்றில் இடம்பெறுகிறார். அவர் மருத்துவர் ஜான் மால்கம்சன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அவர் சென்னை மாகாண மருத்துவத் துறையில் பணியாற்றியவர். பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர். தக்காணத்தின் பாறைகளையும் புதைபடிவங்களையும் ஆராய்ந்தவர். விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது, 1837ஆம் ஆண்டு, மில்லரின் சேகரிப்பை அறிந்தார். அதன் அருமையை உணர்ந்து, மில்லர் கண்ட மீன்களைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களிடம் எடுத்துச் சொன்னார்.

அதன்பின் மில்லர், நிலவியல் அறிஞர் ரோடரிக் மர்ச்சிசனுக்கும் தம் சிறகு உயிரைப் பற்றிப் படங்களுடன் எழுதினார். மர்ச்சிசன் வழியாக அச்செய்தி சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் லூயி அகாசியை எட்டியது. புதைபடிவ மீன்களைப் பற்றி அக்காலத்தில் அவரைவிட மிகுதியாக அறிந்தவர் இலர். ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களையும் தனியார் சேகரிப்புகளையும் நேரில் கண்டு, ஆயிரக்கணக்கான படிமங்களை ஒப்பிட்டு, 1833 முதல் 1843 வரை புதைபடிவ மீன்களைப் பற்றிய பெருநூலைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டவர் அவர். மீன்களின் செதிலமைப்பைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தியவரும் அவரே.

மில்லரின் உயிர் அகாசியையும் வியப்பில் ஆழ்த்தியது. ஓட்டுடலிகளுக்கு அருகில் வைக்கலாமோ என ஐயுற்றோரும் இருந்தனர். ஆயினும் சான்றுகள் ஒரு திசையையே காட்டின. கவசத்தகடுகள் எலும்பால் ஆனவை. நண்டின் ஓட்டைப் போன்றவை அல்ல. வாற்பகுதியைச் செதில்கள் மூடியிருந்தன. முதுகில் ஒரு துடுப்பு இருந்தது. சிறகெனத் தோன்றியவை, கவசம் பூண்ட முன்துடுப்புகளே. ஆகவே அது மீன். அதுவரை அறியப்பட்ட எந்த மீனோடும் ஒப்பாத மீன்.

பெயர் சூட்டல்

1840ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. நாடெங்கிலுமிருந்து நிலவியலார் கூடிய அவ்வவையில் செம்மணற்கல் மீன்கள் பெரிதும் பேசப்பட்டன. சிறகுடைய அந்த மீனுக்கு அகாசி, டெரிக்திஸ் மில்லரி என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் அப்பெயரின் முதற்பகுதி சிறகுமீன் எனப் பொருள்படும். இரண்டாம் பகுதி, கண்டெடுத்த கல்தச்சரின் பெயரைத் தாங்கியது.

அறிவியலில் பெயர்கள் கடுமையான நெறிகளுக்கு உட்பட்டவை. ஒரு பேரினத்தின் பெயர் முன்பே வேறு விலங்கிற்கு வழங்கப்பட்டிருந்தால் பின்னர் வைத்த பெயரை மாற்ற வேண்டும். டெரிக்திஸ் என்னும் பெயர் ஏற்கெனவே வேறொரு மீனுக்கு இடப்பட்டிருந்தமையால் பிற்காலத்தில் அது டெரிக்தியோடிஸ் என மாற்றப்பட்டது. சிற்றினப் பெயராகிய மில்லரி மாறாமல் நின்றது.

தெரிந்து தெளிவோம்

புதைபடிவம் ஒன்றைப் புதிய சிற்றினம் என ஏற்கச் சில படிநிலைகள் உள்ளன. கண்டெடுத்த இடமும் பாறை அடுக்கும் குறிக்கப்பட வேண்டும். முன்பே அறியப்பட்ட உயிரினங்களோடு ஒவ்வோர் உறுப்பையும் ஒப்பிட வேண்டும். வேறுபாடு உண்மையான உடலமைப்பு வேறுபாடா, நசுங்கியதாலோ வயது வேறுபாட்டாலோ தோன்றுவதா என்று ஆராய வேண்டும். விளக்கமும் படமும் பெயரும் அச்சில் வெளிவர வேண்டும். பெயருக்குச் சான்றாக அமையும் படிமம் எவரும் வந்து சரிபார்க்கும் வகையில் பாதுகாக்கப்பட வேண்டும்.

எழுத்தும் இதழும்

அதே 1840ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மில்லர் எடின்பரோவில் தொடங்கப்பட்ட சாட்சி என்னும் பொருள்படும் பெயருடைய இதழுக்கு ஆசிரியரானார். திருச்சபையின் மதகுருக்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிலக்கிழார்களுக்கா மக்களுக்கா என்னும் போராட்டம் ஸ்காட்லாந்தை அப்போது உலுக்கிக்கொண்டிருந்தது. மில்லர் மக்கள் பக்கம் நின்று எழுதினார். ஆட்டுப்பண்ணைகளுக்காக மேட்டுநில உழவர்கள் தம் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட கொடுமையையும் கண்டித்தார்.

அவ்விதழிலேயே செம்மணற்கல்லைப் பற்றிய கட்டுரைத்தொடரையும் வெளியிட்டார். அது 1841ஆம் ஆண்டு ‘பழைய செம்மணற்கல்’ என்னும் நூலாக வெளிவந்தது. அறிஞர்க்கும் பொதுமக்களுக்கும் ஒருங்கே பயன்படும் வகையில் அமைந்த அந்நூல் பல பதிப்புகள் கண்டது. தம்மைப் போன்ற உழைக்கும் இளைஞர்களை நோக்கி அதில் அவர் பேசினார். ஓய்வுநேரத்தை வீண்பொழுதாகக் கழிக்காமல் சுற்றியுள்ளவற்றைக் கூர்ந்து நோக்குமாறு வேண்டினார். 1854ஆம் ஆண்டு வெளிவந்த ‘என் பள்ளிகளும் பள்ளி ஆசிரியர்களும்’ என்னும் தன்வரலாறும் அந்நோக்கத்தோடு எழுதப்பட்டதே. கடற்கரையும் குவாரியும் தொழிலாளர் கொட்டகையும் அதில் பள்ளிகளாகக் காட்டப்படுகின்றன.

அவரது அறிவுப்பணியில் தோழமை கொண்டோருள் ராபர்ட் டிக் குறிப்பிடத்தக்கவர். ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள தர்சோ நகரில் ரொட்டி சுட்டு விற்றவர் அவர். அதிகாலையில் அடுப்புவேலையை முடித்துவிட்டு, நெடுந்தொலைவு நடந்து சென்று பாறைகளையும் செடிகொடிகளையும் ஆராய்ந்தார். தாம் அரிதின் முயன்று பெற்ற மீன்படிமங்களை மில்லருக்கு மனமுவந்து அனுப்பினார். டிக் வறுமையிலேயே வாழ்ந்து மறைந்தார். மில்லரின் ஆய்வுக்கு அவர் ஈந்த கொடை சிறிதன்று.

கண்டதும் கருதியதும்

மில்லர் ஆழ்ந்த சமயப்பற்று உடையவர். புவியின் தொன்மையைப் பாறைகளில் நேரிற் கண்ட அவர், உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் தோன்றியது என்னும் கருத்தை ஏற்கவில்லை. சமயநூல் கூறும் படைப்பின் நாள்கள் நீண்ட ஊழிகளைக் குறிப்பன என்று விளக்கினார். ஆனால் ஓர் உயிரினம் படிப்படியாக மாறி மற்றோர் இனமாகிறது என்னும் கருத்தை அவர் வன்மையாக மறுத்தார். 1844ஆம் ஆண்டு, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த நூல் ஒன்று அக்கருத்தைப் பரப்பியது. அதற்கு மறுப்பாக 1849ஆம் ஆண்டு ‘படைத்தவரின் அடிச்சுவடுகள்’ என்னும் நூலை எழுதினார். மிகப் பழைய மீன்களே பெரியனவாகவும் நிறைவான அமைப்புடையனவாகவும் இருக்க, எளிய உயிரிலிருந்து சிக்கலான உயிர் தோன்றியது என்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவரது வாதம்.

சார்லஸ் டார்வினின் நூல் வெளிவந்தது 1859ஆம் ஆண்டு. மில்லர் அதனைக் காண உயிரோடு இல்லை. பின்வந்த ஆய்வாளர்கள் செம்மணற்கல் மீன்களைவிடப் பழைய, சிறிய, தாடையற்ற மீன்களைக் கண்டெடுத்தனர். மில்லரின் சிறகுமீன் ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன் டெவோனியன் காலத்தில் வாழ்ந்தது என்றும், எலும்புத்தகடுகளால் மூடப்பட்ட தகட்டுத்தோல் மீன்கள் என்னும் அழிந்துபோன கூட்டத்தைச் சேர்ந்தது என்றும் இன்று அறிகிறோம். அக்காலத்தில் அந்நிலப்பகுதி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது. மலைகள் சூழ்ந்த பேரேரி ஒன்றின் அடியில் அம்மீன்கள் புதைந்தன. தாடை பெற்ற தொடக்ககால முதுகெலும்பிகளைப் பற்றி அறிய அக்கூட்டத்து மீன்களே இன்று பெரிதும் துணைபுரிகின்றன. உயிரின மாற்றத்தை மறுக்க மில்லர் சான்றாகக் காட்டிய கவசமீன்களே இன்று அம்மாற்றத்தின் வரலாற்றைச் சொல்ல உதவுகின்றன.

இதனால் மில்லரின் சிறப்புக் குன்றுவதில்லை. அவர் தம் கருத்துக்கு ஏற்ப மீனின் உருவத்தைத் திருத்தி வரையவில்லை. பொருந்தாத தகட்டை மறைக்கவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதினார். அதனால்தான் அவருடைய முடிவை ஏற்காதவர்களும் அவருடைய படிமங்களையும் விளக்கங்களையும் பயன்படுத்த முடிகிறது. கருத்துகள் காலத்தால் மாறும். நேர்மையாகப் பதிவு செய்யப்பட்ட உற்றுநோக்கல் நிலைத்து நிற்கும்.

இறுதி நாள்கள்

இதழாசிரியர் பணி ஓய்வறியாதது. பகலில் இதழ்ப்பணி, இரவில் நூற்பணி என்று மில்லர் தம்மை வருத்திக்கொண்டார். இளமையில் நுரையீரலில் படிந்த கல்தூசு அவரை வாழ்நாள் முழுதும் வாட்டியது. 1856ஆம் ஆண்டில் கடும் தலைவலியும் அச்சம் தரும் மனத்தோற்றங்களும் அவரை ஆட்கொண்டன. ‘பாறைகளின் சாட்சியம்’ என்னும் நூலின் பணியை நிறைவுசெய்யும் தறுவாயில் உளநோய் முற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள், அந்நோயின் கொடுமைக்கு ஆளாகி, எடின்பரோவை அடுத்த போர்ட்டோபெல்லோவில் தம் 54ஆம் வயதில் அவர் உயிர் துறந்தார். நுரையீரல் நோயைப்போல உளநோயும் மருத்துவமும் துணையும் வேண்டிய நோயே என்னும் தெளிவு அக்காலத்தில் பரவலாக இல்லை. அத்துயரைத் தனியே சுமந்த ஒருவரின் இழப்பை நாடே உணர்ந்து வருந்தியது.

எழுத்தாளராகிய லிடியா மில்லர், கணவர் விட்டுச்சென்ற கைப்படிகளைத் திருத்தி, ஒன்றன்பின் ஒன்றாக நூல்களாக்கினார். தந்தையற்ற மக்களை வளர்த்துக்கொண்டே அவர் ஆற்றிய பணி அது.

நிலைத்த பெயர்

மில்லர் சேர்த்த புதைபடிவங்கள் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவை எடின்பரோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்து, ஸ்காட்லாந்தின் புதைபடிவத் தொகுப்பிற்கு அடித்தளமாக அமைந்தன. குரோமர்ட்டியில் 1859ஆம் ஆண்டு அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அவர் பிறந்த கூரைவீடு இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. சிறகுமீனோடு வேறு சில தொல்லுயிர்களும் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஹியூமில்லேரியா என்னும் தொல்கடல் கணுக்காலி அவற்றுள் ஒன்று.

பட்டம் பெறாத கல்தச்சர் ஒருவர் பேரறிஞர்களின் அவையில் தம் பெயரை நிலைநிறுத்தியதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். அனைவரும் வெறுமை என்று கைவிட்ட இடத்தில் அவர் தேடினார். தாம் கண்டது தமக்குத் தெரிந்த எதனோடும் பொருந்தாதபோது, அவசரமாக ஒரு பெயரைச் சூட்டாமல் மேலும் சான்று தேடினார். தம்மினும் அறிந்தோரிடம் அதனைக் கூச்சமின்றி எடுத்துச்சென்று கேட்டார். இம்மூன்றும் கல்லூரியில் மட்டும் கிடைப்பன அல்ல. நாம் நடக்கும் ஆற்றங்கரையிலும், கிணறு வெட்டும் மேட்டிலும், கல்லுடைக்கும் களத்திலும் கற்கத்தக்கனவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கிணறு, குவாரி, ஆற்றங்கரை ஆகியவற்றில் காணப்படும் மண், பாறை அடுக்குகளின் நிறத்தையும் தன்மையையும் பாதுகாப்பான தொலைவிலிருந்து உற்றுநோக்கி, படத்துடன் குறிப்பு எழுதுக.

2. ஒரே பொருளின் முன்பக்கத்தை ஒரு குழுவும் பின்பக்கத்தை மற்றொரு குழுவும் மட்டும் கண்டு விளக்கம் எழுதுக. பின்னர் இரண்டையும் ஒப்பிட்டு, ஒரு படிமத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வதன் இடர்ப்பாட்டைக் கலந்துரையாடுக.

3. தொழில் அனுபவத்தால் நுட்பமான அறிவு பெற்ற ஒருவரை உங்கள் ஊரில் சந்தித்து, அவர் அறிந்தவற்றைக் கேட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.